வலி நின்ற பின்பு



வலி நின்றால் நோயும் நீங்கிற்று என்று எண்ணுவது மனித இயல்பு. அந்த எண்ணம் எப்போதும் சரியல்ல என்பதைச் சில மாதங்களுக்கு முன் என் கீழ்த்தாடையின் கடைவாய்ப்பல் ஒன்று எனக்குக் கற்பித்தது.

முதலில் காப்பி பருகும்போது கூச்சம். பின்பு, பருகி முடித்தும் நெடுநேரம் நீங்காத வலி. இரவில் படுத்தவுடன் நாடித்துடிப்போடு சேர்ந்து தாடை தெறித்தது. கிராம்புத் தைலமும் மாத்திரையும் சற்று நேரமே உதவின. ஐந்தாம் நாள் காலையில் வலி முற்றிலும் அடங்கிற்று. வீட்டில் அனைவரும் ஸ்தோத்திரம் சொன்னோம். ஆயினும், முன்பே குறித்திருந்த நேரத்தில் பல் மருத்துவரிடம் சென்றேன். எக்ஸ்ரே படத்தைப் பார்த்த அவர், "வலி போனது நல்லதுக்கு இல்லீங்க ஐயா. உள்ளே நரம்பு செத்துப்போச்சு" என்றார்.

பல்லின் மேலுறையாகிய எனாமல், நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். ஆனால் பல்லின் நடுவே, இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்த மிருதுவான பற்கூழ் இருக்கிறது. சொத்தை வழியாகக் கிருமிகள் அங்கே நுழைந்தால் அது வீங்குகிறது. கையில் காயம் பட்டால் சதை வீங்க இடமுண்டு. பல்லுக்குள்ளோ சுற்றிலும் கடினமான சுவர். இடமின்றி அழுத்தம் பெருகுவதாலேயே அத்தனை வேதனை. இரத்த ஓட்டம் நின்று பற்கூழ் மடிந்ததும் உணர்வு அற்றுப்போகிறது. கிருமிகளோ மடிவதில்லை. வேரின் நுனியிலுள்ள சிறு துவாரத்தின் வழியே தாடை எலும்புக்குள் ஓசையின்றி இறங்குகின்றன. நாளடைவில் அங்கே சீழ் கட்டுகிறது. மாத்திரை மட்டும் போதாது. இரத்தம் ஓடாத இடத்துக்கு மருந்து சென்றுசேர வழியில்லை. பல்லைப் பிடுங்க வேண்டும், அல்லது அதன் உள்ளே இறங்கிச் சுத்திகரிக்க வேண்டும்.

இரண்டாவது வழியே வேர் சிகிச்சை. மரத்துப்போக ஊசி போட்டு, எச்சில் புகாதபடி ரப்பர் விரிப்பு கட்டி, பல்லின் மேற்புறத்தில் சிறு துளையிட்டார் மருத்துவர். அத்தகைய பல்லுக்குப் பெரும்பாலும் இரண்டு வேர்கள், மூன்று கால்வாய்கள். மெல்லிய அரங்களால் ஒவ்வொன்றையும் நுனிவரை துருவி, கிருமிநாசினித் திரவத்தால் மீண்டும் மீண்டும் கழுவினார். "ஒண்ணை விட்டாலும் அங்கிருந்தே திரும்ப வரும்" என்றார். மறுவாரம், மலேசியா நாட்டு மரப்பாலிலிருந்து கிடைக்கும் கட்டா பெர்ச்சாவால் அவற்றை அடைத்தார். பின்னர், பல் பிளந்துவிடாதபடி மேலே கேப் பொருத்தினார். இன்று அந்தப் பல்லுக்குள் நரம்பில்லை. ஆயினும் அதை எலும்போடு பிணைக்கும் நார்கள் உயிரோடிருக்கின்றன. முறுக்கை அதனால்தான் கடிக்கிறேன்.

பிரியமானவர்களே, வீடு சந்திக்கச் செல்லும்போது, "இப்போதெல்லாம் எங்களுக்குள் சண்டையே இல்லை ஐயா" என்று சிலர் சொல்லக் கேட்கிறேன். சற்று அமர்ந்திருந்தால் தெரியும்: அங்கே பேச்சே நின்றுபோயிருக்கும். சமாதானமும் அமைதியாய் இருக்கும். மரத்துப்போன உறவும் அமைதியாய் இருக்கும். உள்ளே பார்த்தாலன்றி வேறுபாடு விளங்காது. உள்ளே பார்ப்பதற்கோ துணிவும், ஒரு கால்வாயையும் விட்டுவிடாத பொறுமையும் வேண்டும்.

உங்களில் எவருக்கேனும் கடுமையான பல்வலி வந்து தானாகவே நின்றிருந்தால், இந்த வாரமே மருத்துவரிடம் செல்லுங்கள். நெடுநாளாய்ப் பேசாதிருக்கும் சகோதரன் ஒருவன் உங்களுக்கு இருந்தால், அவன் வீட்டுக்கும் செல்லுங்கள்.