தோட்டத்தை மீட்டது நான் இல்லை, ஆயா

அன்புள்ள ஆயா,

இந்த மடலை உங்கள் பேத்திதான் உங்களுக்குப் படித்துக் காட்டப்போகிறாள். நேரில் சொல்லியிருக்கலாம். சொன்னால், "அட போங்க பாப்பா" என்று வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு எழுந்து போய்விடுவீர்கள். அதோடு, இதை நீங்கள் மட்டும் கேட்டால் போதாது. பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர்கள் கொல்லையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒத்தப் பொம்பளையா நின்னு மீட்டுட்டியே" என்றார்கள். நான் மறுக்கவில்லை, சிரித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பொய்யை நாலு பேர் அறியத் திருத்தவேண்டியிருக்கிறது.

விவரம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பேராவூரணிக்குப் பக்கத்தில், வீட்டுக்குப் பின்னால் ஒரு மா நிலம். 22 தென்னை நின்ற இடம். 2018 நவம்பர் 16 அன்று விடிவதற்குள் கஜா புயல் 17 மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. சில வேரோடு சாய்ந்தன, சில கொண்டை முறிந்து மொட்டையாய் நின்றன. அப்பா அதற்குப் பிறகு கொல்லைக் கதவைத் திறக்கவே இல்லை. அவர் காலமானதும் வீடும் பூட்டிக் கிடந்தது. 2023 தையில் திருச்சியிலிருந்து வந்து அந்தக் கதவைத் தள்ளினேன். பாதிக்குமேல் திறக்கவில்லை. அந்தப் பக்கம் சீமைக்கருவை முட்டிக்கொண்டு நின்றது.

விவசாயம் எனக்குக் கைப்பேசியில் பார்த்த அளவுக்குத்தான் தெரியும். முதல் ஞாயிற்றுக்கிழமையே ஜேசிபியைக் கூப்பிட்டேன். மூன்று மணி நேரத்தில் மேற்குப் பாதி சுத்தமாகிவிட்டது. சுத்தம் என்றால், மேல்மண் எல்லாம் வேலியோரம் குவிந்துவிட்டது என்று அர்த்தம். கருவையோடு சேர்ந்து கறிவேப்பிலையும் போனது. கோடை மழை ஒன்று பெய்ததுதான் தாமதம், வழித்துவிட்ட இடமெல்லாம் பச்சைப் பாய் விரித்ததுபோல் கோரை. இயந்திரம் கிழங்குகளைச் சங்கிலி சங்கிலியாக அறுத்து நிலம் முழுக்க நட்டுவைத்துவிட்டுப் போயிருந்தது.

அப்புறம் களைக்கொல்லி. கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தார் வழியாக அல்லாமல் வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது என்று 2022 அக்டோபரிலேயே ஒன்றிய அரசு உத்தரவு போட்டிருந்தது. எனக்கு அது தெரியாது. கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்தார். கோரை மஞ்சளாகிக் காய்ந்தது. மூன்றாவது வாரம் கிழங்கிலிருந்து மறுபடி முளைத்தது.

அந்த வாரம்தான் நீங்கள் படலைத் தள்ளிக்கொண்டு வந்தீர்கள். உதவிக்காக வரவில்லை. "கருவ வெறவு வேணுமா பாப்பா, நான் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டீர்கள். அதற்குப் பிறகுதான் எனக்கு விஷயமே புரிந்தது. நாங்கள் கைவிட்டதாக நினைத்த இடத்தில் நீங்கள் நாலு வருஷமாக நடமாடிக்கொண்டிருந்தீர்கள். முள்ளுக்குள் உங்கள் கால் பட்ட ஒற்றையடிப் பாதை இருந்தது. ஆடு விழுந்துவிடக் கூடாதென்று கேணி வாயில் தென்னை மட்டைகளைப் பரப்பி மூடியிருந்தீர்கள். நின்றுகொண்டிருந்த ஐந்து தென்னையில் எது காய்க்கிறது, எது குருத்தழுகி நிற்கிறது என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். தோட்டம் பாழாகக் கிடந்தது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே, யாருக்குப் பாழ்? உங்கள் அடுப்புக்கும் ஆடுகளுக்கும் அது பாழில்லை. நான் ஜேசிபியால் வழித்தெறிந்தது உங்கள் ஒரு வருஷ விறகை.

நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கீழே கிடந்த தென்னை மரத்தைக் காலால் உதைத்துப் பார்த்தீர்கள். "மொதல்ல இத அப்புறப்படுத்துங்க. களையப் பொறவு பாத்துக்கலாம்." மக்கிய தண்டைக் கடப்பாரையால் பிளந்ததும் உள்ளே கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடந்தன. காண்டாமிருக வண்டின் புழுக்கள். அவை வண்டாகிப் பறந்துதான் மிச்சமிருந்த தென்னைகளின் குருத்தைக் குடைந்துகொண்டிருந்தன. ஓலைகள் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் விரிந்தது ஏதோ சத்துக் குறைபாட்டால் என்று நான் நம்பியிருந்தேன். அதற்கு உரம்கூட வாங்கி வைத்திருந்தேன்! அன்று உங்கள் கோழிகளுக்கு விருந்து.

கருவை வெட்டவும் அன்றுதான் கற்றுக்கொண்டேன். கவைக்கம்பால் முள்ளை அழுத்திப் பிடித்து, மறுகையில் அரிவாள். தரைமட்டத்தில் வெட்டிவிட்டால் ஒன்றுக்குப் பத்தாய்த் தழையும், தூரோடு தோண்டினால்தான் சாகும். புதருக்குள் கை வைக்குமுன் தடியால் தரையைத் தட்டவேண்டும், பாம்பு விலகிப்போக நேரம் கொடுக்கவேண்டும். இதையெல்லாம் நீங்கள் பாடமாகச் சொல்லவில்லை. நான் தப்பாகச் செய்யும்போது "ம்ஹூம்" என்றீர்கள், அவ்வளவுதான்.

கோரைக்கு நீங்கள் சொன்ன வைத்தியம் எனக்கு முதலில் பிடிக்கவில்லை. "கோரைக்கு நெழல் ஆகாது" என்று சொல்லி, ஆடியில் சணப்பை நெருக்கி விதைக்கச் சொன்னீர்கள். களையை ஒழிக்க வந்தவள் இன்னொரு செடியை அடர்த்தியாக வளர்ப்பதா? ஒரு மாதத்தில் சணப்பு என் இடுப்பைத் தாண்டியது. 45-ஆம் நாள், பூவெடுக்கும் சமயத்தில், மடக்கி மண்ணுக்குள் போட்டோம். இரண்டு தடவை அப்படிச் செய்தபின் கோரை பாதியாய்க் குறைந்திருந்தது. மிச்சத்தின்மேல் பூசணிக்கொடியைப் படரவிட்டோம். அந்த வருஷம் தெருவில் பூசணிக்காய் வாங்கிக்கொள்ளாத வீடு இல்லை.

இனி எழுதக் கூசுகிற விஷயம். கருவை வெட்ட வந்த ஆளுக்கு நான் 700 ரூபாய் கொடுத்தேன், உங்களுக்கு 300. ஊர் வழக்கம் அதுதான் என்றார்கள், நானும் கேள்வி கேட்கவில்லை. வேலை சொல்லிக்கொடுத்தவருக்கு வேலை செய்தவரைவிடப் பாதிக்கும் குறைவான கூலி. நாலு மாதம் கழித்து உங்கள் பேத்திதான் என் முகத்துக்கு நேராகக் கேட்டாள். நீங்கள் அவளை அதட்டினீர்கள். தயவுசெய்து இனி அதட்டாதீர்கள். அன்று முதல் கூலி ஒன்றாயிற்று. பழைய நாலு மாதக் கணக்கை நோட்டில் எழுதி, பாக்கியையும் அவளிடம் கொடுத்தேன்.

எங்கள் வீட்டில் எல்லோரும் உங்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள், என்னைவிடச் சிறியவர்களும்கூட. நான் ஆயா என்று கூப்பிட்ட முதல்நாள் நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிட்டீர்கள்.

இப்போது 17 குழிகளிலும் கன்று நிற்கிறது. மூன்றடி ஆழம், அடியில் தேங்காய் மட்டை பரப்பி, கன்றுக்குக் கன்று 25 அடி. எல்லாம் நீங்கள் தடியால் அளந்து வைத்தவை. குட்டை ரகம் வேண்டாம், நெட்டைதான் காற்றுக்கு நிற்கும் என்றீர்கள். கஜாவில் நெட்டையும்தான் விழுந்தது என்று வாதாடிப் பார்த்தேன். நீங்கள் அசையவில்லை. நெட்டை காய்க்க ஆறேழு வருஷம் ஆகும், அதுவரை யார் சொன்னது சரி என்பது தெரியாது. வடக்கு வேலியோரம் பூவரசும் கிளுவையும் போத்து நட்டிருக்கிறேன். தழையும் கவட்டையும் உங்களுக்கு. படலுக்குப் பூட்டு போடவில்லை.

முழங்கால் வலி என்று நீங்கள் வராமல் மூன்று வாரமாகிறது. கிழக்கு மூலையில், கேணிக்குப் பக்கத்தில், மறுபடி கோரை தலைகாட்டுகிறது. சணப்பு விதைக்க இது பருவமா, அடுத்த ஆடிவரை பொறுக்கவா? பேத்தியிடம் சொல்லியனுப்புங்கள், ஆயா.

இப்படிக்கு,
கொல்லை வீட்டுப் பாப்பா