போலி ஸ்வேட் பாதரட்சையைப் பேணுதல்

நீலகிரியில் ஜூன் முதல் டிசம்பர் வரை இருபருவ மழையும் பெய்தலின், செம்மண் சேறு எம் பாதரட்சைகளை விடுவதில்லை. எம்மிற் பலர்க்கு இரண்டாம் ஜோடி வாங்கும் வசதி இல்லை. ஸ்வேட் என்பது தோலின் உட்புறத்தைத் தேய்த்து மென்மையாக்கியது; யாம் அணியும் மலிவான போலி ஸ்வேடோ பெரும்பாலும் பாலியெஸ்டர் நுண்ணிழையால் ஆயது.

ஈரச் சேற்றைத் தேய்த்தல் ஆகாது. தேய்ப்பின் மண் இழைகளுட் புகும். உலர்ந்தபின் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெல்லத் தட்டி நீக்குக. எஞ்சிய கறையைச் சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றுக. அடுப்பருகே உலர்த்தற்க; வெப்பத்தால் அடிப்பாகத்தின் பசை விட்டுப்போம். உள்ளே செய்தித்தாளைத் திணித்து, காற்றாடும் நிழலில் வைத்து, தாள் ஈரமாகுந்தோறும் மாற்றுக.

பாலியெஸ்டர் மண்ணில் எளிதில் மக்குவதில்லை. ஆதலின் ஒரு ஜோடியை மற்றுமோர் ஆண்டு உழைக்கச் செய்தல், எம் பணப்பைக்கு மட்டுமன்றி இம்மலைக்கும் நலமாம்.