பறவை எச்சத்துக்காக ஒரு வழக்கு

இந்த முறை புதுச்சேரிக்கு வெளியே, வெகு தூரத்தில் இருக்கும் ஒரு தீவைப் பற்றி எழுதப் போகிறேன். என்றாலும் சுற்றிச் சுற்றி என் பழைய மேசைக்குத்தான் வந்து சேருவேன். வாசக நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பாரிசில் குடியேறிவிட்ட என் பள்ளித் தோழர் ஒருவர், நான் பொழுது போகாமல் இருப்பேன் என்று நினைத்து, அவ்வப்போது எதையாவது நகல் எடுத்து அனுப்புவார். சென்ற மாதம் வந்தது ஒரு தீர்ப்பு. தேதி 1931 ஜனவரி 28. தீர்ப்பளித்தவர் இத்தாலி மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல். வாதி, பிரதிவாதி என்று சொல்வதானால் பிரான்சும் மெக்சிகோவும். சொத்து, பசிபிக் கடலில் கிளிப்பர்ட்டன் என்னும் தீவு. சின்ன வயதில் படித்த பிரெஞ்சு இன்னும் துருப்பிடிக்கவில்லை என்பதைச் சோதித்துப் பார்க்க, அகராதி இல்லாமலே படித்தேன்.

தீவு என்று சொல்லவே கூச்சம். நடுவில் தேங்கிக் கிடக்கும் ஓர் ஏரி, அதைச் சுற்றி வளையம் போல ஒரு பவளத்திட்டு. நிலப்பரப்பு இரண்டு சதுர கிலோமீட்டர் அளவுதான். மெக்சிகோ கரையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். கடற்பறவைகளும் நண்டுகளும்தான் நிரந்தரக் குடிகள். அந்தப் பறவைகளின் எச்சம்தான் வழக்குக்கே மூலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதற்குக் குவானோ என்று பெயர். வயலுக்கு இட்டால் விளைச்சல் பெருகும் என்பதால் அதற்குப் பெரிய கிராக்கி. எச்சம் கிடக்கிற ஆளில்லாத் தீவுகளைத் தன் குடிமக்கள் பிடித்துக்கொள்ளலாம் என்று அமெரிக்கா 1856-ல் சட்டமே போட்டது.

பிரான்சும் சும்மா இருக்கவில்லை. 1858 நவம்பரில் கெர்வெகான் என்ற கடற்படை அதிகாரி ஒரு வணிகக் கப்பலில் தீவின் அருகே வந்தார். கப்பலில் இருந்தபடியே, இந்தத் தீவு இனி பிரெஞ்சுப் பேரரசருக்குச் சொந்தம் என்று ஒரு பத்திரம் எழுதினார். அலை மோசமாக இருந்ததால் கரையில் இறங்குவதே பெரும்பாடு. சில மாலுமிகள் இறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். கொடி இல்லை, கல் நடவில்லை, ஓர் ஆளையும் விட்டுவரவில்லை. பிறகு ஹொனலூலுவில் இருந்த பிரெஞ்சுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லி, டிசம்பர் 8-ஆம் தேதி அந்த ஊர்ப் பத்திரிகை ஒன்றில், ஆங்கிலத்தில், அறிவிப்பும் போட்டார்கள். அவ்வளவுதான். கோப்பு மூடப்பட்டது.

அதற்குப் பிறகு நாற்பது வருஷம் அந்தப் பக்கம் பிரான்ஸ் திரும்பிப் பார்த்ததாகவே தெரியவில்லை. 1897-ல் ஒரு பிரெஞ்சுக் கப்பல் போய்ப் பார்த்தபோது, அங்கே மூன்று பேர் அமெரிக்கக் கொடியை ஏற்றி, சான் பிரான்சிஸ்கோ கம்பெனிக்காகக் குவானோ வெட்டிக்கொண்டிருந்தார்கள். பிரான்ஸ் விளக்கம் கேட்டது. எங்களுக்கு அந்தத் தீவில் உரிமை எதுவும் இல்லை என்று அமெரிக்கா ஒதுங்கிக்கொண்டது. ஆனால் அதற்குள் மெக்சிகோ ஒரு பீரங்கிப் படகை அனுப்பித் தன் கொடியை ஏற்றிவிட்டது. ஸ்பெயின் மாலுமிகள் முன்பே கண்டுபிடித்த தீவு, ஸ்பெயினுக்குப் பின் வாரிசு நாங்கள்தான் என்பது அவர்கள் வாதம். கடிதம், பதில் கடிதம், ஆட்சேபம் என்று பத்து வருஷத்துக்கு மேல் ஓடியது. 1909-ல் இரு நாடுகளும் இத்தாலி மன்னரை நடுவராக ஏற்றுக்கொண்டன. தீர்ப்பு வந்தது 1931-ல். இருபத்திரண்டு வருஷம்! என் பிரிவில் ஒரு கோப்பு ஆறு மாதம் கிடந்தாலே மெமோ வரும்.

அந்த இருபத்திரண்டு வருஷத்தில் நடந்தது சிரிக்கிற விஷயம் இல்லை. மெக்சிகோவிடம் உரிமம் வாங்கி ஒரு பிரிட்டிஷ் கம்பெனி எச்சம் தோண்டியது. மெக்சிகோ ஒரு கலங்கரை விளக்கம் கட்டி, கேப்டன் ராமோன் அர்னோ தலைமையில் ஒரு சிறு படையை வைத்தது. 1914 வாக்கில் பெண்களும் குழந்தைகளுமாகச் சுமார் நூறு பேர் அங்கே இருந்தார்கள். உணவெல்லாம் கப்பலில் வர வேண்டும். மெக்சிகோவில் புரட்சி மூண்டதும் கப்பல் நின்றது. காய்கறி பழம் இல்லாமல் ஸ்கர்வி நோய் வந்து ஒவ்வொருவராகச் செத்தார்கள். தூரத்தில் ஒரு கப்பல் தெரிகிறது என்று படகில் போன கேப்டனும் கூட்டாளிகளும் கடலில் மூழ்கினார்கள். கடைசியில் ஆண்களில் மிஞ்சியவன் கலங்கரை விளக்கக் காவலாளி ஒருவன். அவன் தன்னை ராஜாவாக அறிவித்துக்கொண்டு, மிச்சமிருந்த பெண்களைக் கொடுமைப்படுத்தினான். 1917 ஜூலையில் அந்தப் பெண்களில் ஒருத்தி அவனைக் கொன்றாள். அதையொட்டி ஓர் அமெரிக்கப் போர்க்கப்பல் வந்தது. உயிரோடு மீட்கப்பட்டவர்கள் நாலு பெண்கள், ஏழு குழந்தைகள். கேப்டனின் மனைவியும் அவர்களில் ஒருவர்.

இத்தனை உயிர் போன தீவு யாருக்கு என்று மன்னர் தீர்ப்புச் சொன்னார்: பிரான்சுக்கு. கப்பல் தட்டில் எழுதிய பத்திரம் ஜெயித்தது. 1934-ல் மெக்சிகோ தன் அரசியல் சட்டத்தில் இருந்தே அந்தத் தீவின் பெயரை எடுத்துவிட்டது.

இதைப் படித்து முடித்தபோது எனக்கு இரவு பத்து மணி. தூக்கம் வரவில்லை. காரணம் வேறு.

நான் வேலையில் சேர்ந்து பத்து வருஷம் ஆன சமயம். பிரெஞ்சு தெரிந்தவன் என்பதால், பழைய நொத்தேர் பத்திரங்கள் வந்தால் மொழிபெயர்ப்பு என் தலையில்தான் விழும். ஒரு அம்மா மூன்று தலைமுறையாகக் குடியிருந்த மனைக்குப் பட்டா கேட்டு மனு கொடுத்திருந்தார். மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைத்தவர். எதிர்த் தரப்பு ஒரு பிரெஞ்சுக் காலத்துக் கிரயப் பத்திரத்தைக் கொண்டுவந்தது. அதில் அந்த இடம் யாருடைய அனுபவத்திலும் இல்லை என்று ஒரு வரி. நான் "காலி மனை" என்று மொழிபெயர்த்துக் கையெழுத்துப் போட்டேன். மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் இல்லை.

மனு தள்ளுபடியான அன்று அந்த அம்மா என் மேசைக்கு வந்து, "ஐயா, அந்தக் காகிதத்துல எங்க தாத்தா பேரு எங்கனாச்சும் இருக்குதா, நல்லா பாரு" என்றார். இல்லையம்மா என்றேன். நீண்ட கால சுவாதீனத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு, நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியும். அது என் வேலை இல்லை என்று இருந்துவிட்டேன். சில மாதத்தில் மாட்டை விற்றுவிட்டு, மகன் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம், காகிதம்தானே பேசும் என்பது. கிளிப்பர்ட்டன் தீர்ப்பும் அதைத்தான் சொல்கிறது என்று முதல் வாசிப்பில் திருப்திப்பட்டேன். மறுபடி படித்தபோது மன்னர் சொன்ன காரணம் கண்ணில் பட்டது. அந்தத் தீவில் 1858-ல் ஒரு மனிதன்கூட இல்லை; யாரும் இல்லாத, யாரும் எதிர்க்காத இடம் என்பதால்தான் அறிவிப்பே சுவாதீனத்துக்குச் சமமாயிற்று என்கிறார். ஆள் இருக்கிற இடத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

பால்கார அம்மாவின் தாத்தா அங்கே இருந்தார். பத்திரம் எழுதியவர் அவரைப் பார்க்கவில்லை, அல்லது ஓர் ஆளாகக் கணக்கில் எடுக்கவில்லை. நான் அதைச் சுத்தமான தமிழில் எழுதிக் கொடுத்தேன்.

தீவில் இப்போதும் யாரும் இல்லை. குவானோவை யாரும் தேடுவதும் இல்லை. ஆனால் அந்தத் தீவின் பெயரையும் சேர்த்துச் சூட்டிய ஓர் ஆழ்கடல் பகுதியில் மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் கலந்த உருண்டைகள் கிடக்கின்றன என்று நாடுகள் மறுபடி வரிசையில் நிற்கின்றன. புதிய பத்திரங்கள் எழுதப்படும். எங்கோ ஒரு குமாஸ்தா மொழிபெயர்ப்பான்.

அவனுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு. "காலி" என்ற சொல்லை எழுதுவதற்கு முன்னால் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வா, தம்பி. எனக்கு அந்த மனை சைக்கிளில் பத்து நிமிஷ தூரம்தான். நான் போகவில்லை.