அச்சு ஓய்ந்த அச்சகம்

ஆக்ஸ்ஃபோர்டின் வால்ட்டன் தெருவில் புதிதாக நடப்பவர்கள் அந்தக் கட்டடத்தை ஏதோ கல்லூரி என்றே நினைப்பார்கள். உயரமான தூண்கள், வளைவு வாசல், உள்ளே பெரிய முற்றம். உண்மையில் அது 1830இல் இங்கே குடிவந்த பல்கலைக்கழக அச்சகம். பெயர்தான் அச்சகம். மை வாசனை இல்லை, இயந்திரச் சத்தம் இல்லை. இங்கே வேலை பார்ப்பவர்கள் எடிட்டர்களும் விற்பனைப் பிரிவினரும் கம்ப்யூட்டர் ஆட்களும்தான்.

இங்கே அச்சு இயந்திரங்கள் 1989இல் நின்றன. ஊருக்கு வெளியே கிட்லிங்டனில் ஆக்ஸ்யூனிபிரிண்ட் என்ற சிறு பிரிவு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. 2021 ஆகஸ்டில் அதையும் மூடினார்கள். வேலை இழந்தவர்கள் சுமார் 20 பேர். எண்ணிக்கையைப் பார்த்தால் பெரிய செய்தியல்ல. ஆனால் இந்த ஊரில் முதல் புத்தகம் அச்சானது 1478இல். அதில் ரோமன் எண்ணில் ஒரு பத்து விடுபட்டு, ஆண்டு 1468 என்று விழுந்துவிட்டது. அச்சுக்கோப்பவர்களின் சாபம் எந்த ஊரிலும் ஒன்றுதான்!

முற்றத்தின் ஒரு பக்கம் பைபிள் அச்சாகும். எதிர்ப்பக்கம் ஆய்வு நூல்கள். பைபிள் விற்ற காசுதான் விற்காத ஆய்வு நூல்களுக்குச் சோறு போட்டது. தொழிலாளர்கள் அக்கம்பக்கத்து ஜெரிகோ சந்துகளில் குடியிருந்தார்கள். அச்சக நிர்வாகி தாமஸ் கோம் தன் சொந்தச் செலவில் 1869இல் அவர்களுக்காகக் கட்டிய செயின்ட் பார்னபஸ் தேவாலயம் இன்னும் நிற்கிறது. ஒட்டி ஒட்டி நிற்கும் அந்தச் செங்கல் வீடுகளும் இருக்கின்றன. என்ன, ஒரு கம்பாசிட்டர் தன் சம்பளத்தில் இன்று அங்கே குடியிருக்க முடியாது.

இந்தக் கம்பாசிட்டர்களுக்கும் புரூஃப் பார்ப்பவர்களுக்கும் என்றே, நிர்வாகி ஹோரேஸ் ஹார்ட் 1893இல் எழுத்துக்கூட்டல், நிறுத்தக்குறி விதிகளைச் சிறு கையேடாகப் போட்டார். பிறகு ஆங்கிலப் பதிப்புலகமே அதைப் பிடித்துக்கொண்டது. அதே 1893இல் இங்கிருந்து வந்த இன்னொரு புத்தகம் ஜி.யு. போப்பின் நாலடியார். 1900இல் திருவாசகம்: தமிழ் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும். போப்புக்கு அப்போது வயது எண்பது. ‘ற’வையும் ‘ழ’வையும் ஈய எழுத்தில் பொறுக்கிக் கோத்த கைகள் யாருடையவை என்று புத்தகம் சொல்வதில்லை.

அச்சகத்திலிருந்து சில நிமிட நடையில், அதே தெருவில், செயின்ட் செபுல்கர் கல்லறைத் தோட்டம். 1908இல் இறந்த போப் இங்கேதான் இருக்கிறார். ‘இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்’ என்று கல்லறையில் எழுதியிருப்பதாகப் பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதைத் தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். அப்படி ஒரு வரி இல்லை. தென்னிந்தியாவைச் சேர்ந்தவர், பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர் என்ற விவரம் இருக்கிறது. கல்லை நிறுவியவர்கள் குடும்பத்தினரும், தென்னிந்தியாவிலுள்ள அவருடைய தமிழ் நண்பர்களும் என்றும் பொறித்திருக்கிறார்கள். எனக்கு இதுவே கட்டுக்கதையைவிடப் பிடித்திருந்தது. அந்தக் காலத்தில் பணம் திரட்டிக் கடல் கடந்து அனுப்பியிருக்கிறார்கள்!

தாமஸ் கோம் அடங்கியிருப்பதும் இதே தோட்டத்தில்தான். கம்பாசிட்டர்களின் பெயர்களைத் தேடினேன். பல கற்களில் எழுத்து தேய்ந்துவிட்டது. வாசலுக்கு வெளியே, தெருவில், சைக்கிள்கள் அச்சகத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.