பிட்டரின் காது

21-7-2024, இராஜபாளையம்
மில்லில் பிட்டர் வேலை. நைட் ஷிப்ட் முடிந்து வந்தும் தூக்கம் பிடிக்கவில்லை. பெங்களூரில் படிக்கும் அக்கா மகன் அனுப்பிய பாட்டைப் போட்டேன். ‘அகம்’ என்ற பேண்ட். பாட்டு, சுவாதித் திருநாளின் தனஸ்ரீ தில்லானா, கேட்டுப் பழகியதுதான். ஆனால் அதன்மேல் கிதார் கரகரவென்று இரைய, டிரம்ஸ் இடியாய் இடித்தது. “மில்லு சத்தம் பத்தாதுன்னு வீட்லயுமா?” என்றாள் மனைவி. அணைத்துவிட்டேன்.

29-7-2024
“மாமா, பாதியில நிறுத்தாதீங்க. போகப் போக மாறும்” என்றான் அக்கா மகன் போனில். புரோகிரசிவ் என்றால் அதுதானாம்: பல்லவியையே சுற்றிவராமல் தாளமும் வேகமும் மாறிக்கொண்டே போகும். அதில் கிதார் கனத்தால் புரோகிரசிவ் மெட்டல். அகம் தன்னைக் கர்நாடக புரோகிரசிவ் ராக் என்கிறது. மெட்டலுக்கு அடுத்த வீடு. 2003-ல் பெங்களூரில் தொடங்கி, 2007-ல் ஏ.ஆர். ரஹ்மான் நடுவராக இருந்த சன் டிவியின் ‘ஊ லல்லல்லா’ போட்டியில் வென்றவர்கள். பாடகர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் வேறு வேலையும் பார்த்துக்கொண்டேதான் பாடினாராம். அது எனக்குப் பிடித்தது.

7-8-2024, ஸ்ரீவில்லிபுத்தூர்
ஆடிப்பூரத் தேர். வடத்தைத் தொட்டுவிட்டு ஓரமாக நின்றேன். கோவிந்தா முழக்கம், தவில், நாதஸ்வரம், சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர்களின் கூப்பாடு. கண்ணை மூடினால் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது. இதை யாரும் இரைச்சல் என்று சொல்லி வீட்டுக்குப் போவதில்லை.

19-8-2024, இராஜபாளையம்
நூல் நூற்கும் ரிங் பிரேம் ஒன்றில் பேரிங் போகப்போவதைச் சத்தத்திலேயே பிடித்தேன். “இத்தனை மிஷின் ஓடுறப்ப அது மட்டும் எப்படிண்ணே கேக்குது?” என்றான் புதுப் பையன். பழக்கம்தான் என்றேன். வீட்டுக்கு வந்ததும் அதே காதோடு தில்லானாவைக் கேட்டேன். முதல் தடவை டிரம்ஸை மட்டும், அடுத்து கிதாரை மட்டும், மூன்றாவதாகக் குரலை. நான்காவது தடவை எல்லாம் சேர்ந்து வந்தன. எதுவும் எதையும் மிதிக்கவில்லை.

25-8-2024
மருமகனிடமிருந்து இன்னொரு செய்தி. இந்தக் கனத்த கிதார் ஒலிக்கு முன்னோடி பிளாக் சாபத் பேண்டின் டோனி அயோமி. பர்மிங்காமில் தகட்டுப் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கையில் மிஷினில் சிக்கி இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். பிளாஸ்டிக் நுனி செய்து மாட்டிக்கொண்டு வாசித்திருக்கிறார். தந்தியின் இறுக்கத்தையும் தளர்த்தினார்; ஒலி கனத்தது. மிஷினுக்கு விரல் கொடுத்தவர்களை எனக்கும் தெரியும். மெட்டல் எங்கள் சாதிசனம்தான் போலிருக்கிறது.

16-12-2024
மார்கழி பிறந்தது. விடியலில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஆண்டாளைச் சேவித்துவிட்டு வந்து ‘ரங்கபுர விஹார’ போட்டேன். பிருந்தாவன சாரங்காவில் தீட்சிதர் செய்த கீர்த்தனை, எம்.எஸ். குரலில் காதில் ஊறியது. அகம் 2017 ஆல்பத்தில் அதை எடுத்திருக்கிறது. ஆண்டாள் பிறந்த ஊர்ப்பக்கத்தில் அரங்கன் மாப்பிள்ளை. மாப்பிள்ளையைக் கிதாரோடு என்ன செய்துவைத்திருக்கிறார்களோ என்று பயந்துதான் கேட்டேன். அத்தனை முழக்கத்திலும் அவர் நிம்மதியாகப் படுத்திருந்தார்.

அடுப்படியிலிருந்து மனைவி, “கொஞ்சம் குறைச்சு வைங்க” என்றாள். அணைக்கச் சொல்லவில்லை.