துடைத்துப் பார்த்தால்தான் தெரியும்

விடியற்காலையில் சிங்கப்பூரின் கிராஞ்சி ரயில் நிலையத்துக்கு வெளியே உள்ள பேருந்து நிறுத்தத்தில் பத்து நிமிடம் நின்றால் போதும், இந்தத் தீவை யார் ஓட்டுகிறார்கள் என்று தெரிந்துவிடும். கடற்பாலத்தைக் கடந்து ஜோகூரிலிருந்து வரும் 160, 170 எண் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஆட்களை இறக்கிவிடுகின்றன. தோளில் ஒரு பை, கண்ணில் மிச்சத் தூக்கம். பாதிப் பேர் ரயிலுக்குப் படியேறுகிறார்கள். மீதிப் பேர் சுங்கை காடுட், கிராஞ்சி சாலைப் பக்கத் தொழிற்பேட்டைகளுக்குப் பிரிந்து நடக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவரோடுதான் அன்று நானும் நடந்தேன். அறுபதை நெருங்கும் வயது, கார் மெக்கானிக். என் காரை அவரிடம் முந்தைய நாள் மாலையே விட்டிருந்தேன்.

"எஞ்சின் நல்லா ஆறணும் தம்பி. ராத்திரி விட்டுட்டுப் போங்க, காலையில பாப்போம்" என்று சொல்லியிருந்தார். அவர் வேலை செய்வதை உடனிருந்து பார்க்கலாமா என்று கேட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. "பழைய சட்டை போட்டுட்டு வாங்க" என்றார், அவ்வளவுதான்.

என் காருக்குப் பதினோரு வயது. சில மாதங்களாகச் சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் கருகிய எண்ணெய் வாடை உள்ளே வந்துகொண்டிருந்தது. முதலில் முன்னால் நிற்கும் லாரியைச் சந்தேகித்தேன். பிறகு எஞ்சின் எண்ணெய் அளவு குறைவதைக் கவனித்தேன். வேறொரு பட்டறையில் காட்டினேன். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது என்றார்கள். ஆறு வாரத்தில் வாடை திரும்பி வந்தது. பத்து வயதைத் தாண்டிய கார்களை இங்கே ஆண்டுதோறும் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். என் காருக்கு அந்த நாள் நெருங்கியபோதுதான் நண்பர் ஒருவர் இவரைப் பற்றிச் சொன்னார்.

அவர் பட்டறை இருக்கும் ஜாலான் லாம் ஹுவாட் பக்கம் போய்ப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பட்டறைகள் மாடி மாடியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. காரே சாய்தளத்தில் ஏறி மேல்மாடிப் பட்டறைக்குப் போகும். ஒரு கதவுக்குள் சாயம் அடிக்கிறார்கள், அடுத்ததில் குளிர்சாதனம் பார்க்கிறார்கள், அதற்கடுத்ததில் இருக்கை தைக்கிறார்கள். நான் போன பட்டறையில் இரண்டு கார்கள் நிற்கத்தான் இடம். மலாயில் மெக்கானிக்குகளைப் 'போமேன்' என்பார்கள். ஃபோர்மேன் என்ற ஆங்கிலச் சொல் தேய்ந்து அப்படி ஆகியிருக்கிறது. உதவிக்கு ஓர் இளைஞன் இருந்தான். தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் வாகனத் தொழில்நுட்பம் படிப்பவன், பயிற்சிக்காக வந்திருக்கிறான். அவரை 'அங்கிள்' என்று கூப்பிடுகிறான். அவர் அவனை 'ஐயா' என்கிறார்.

எஞ்சினின் உச்சியில் மூடி போட்டதுபோல் இருப்பதுதான் ராக்கர் கவர். வால்வு கவர் என்றும் சொல்வார்கள், தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் டேப்பட் கவர் என்பார்கள். பழைய எஞ்சின்களில் வால்வுகளைத் தட்டித் திறக்கும் ராக்கர் கைகள் அதற்கடியில் வரிசையாக ஆடிக்கொண்டிருக்கும். பெயர் அப்படி வந்தது. இன்றைய எஞ்சின்கள் பலவற்றில் கேம்ஷாஃப்டே மேலே ஏறிவிட்டது. ஆனாலும் மூடியின் வேலை மாறவில்லை. சுழலும் பாகங்கள்மேல் வாரியடிக்கும் எண்ணெய் வெளியே வராமலும், வெளித்தூசி உள்ளே போகாமலும் காக்க வேண்டும். மூடிக்கும் எஞ்சின் தலைக்கும் இடையே விரல் பருமன்கூட இல்லாத ஒரு ரப்பர் வளையம் ஓடுகிறது. அதுதான் கேஸ்கெட். பத்து ஆண்டுகள் சூடேறி ஆறி, சூடேறி ஆறி, அந்த ரப்பர் பிளாஸ்டிக் குச்சிபோல விறைத்துவிடும். கசிவு அங்கேதான் தொடங்கும். கசிந்த எண்ணெய் பக்கத்திலேயே கொதிக்கும் புகைபோக்கிக் குழாயில் சொட்டும்போது வருவதுதான் அந்தக் கருகல் வாடை.

அவர் முதலில் ஸ்பேனரைத் தொடுவார் என்று நினைத்தேன். துணியைத்தான் எடுத்தார். பிரேக் கிளீனரைத் தெளித்து எஞ்சினின் பின்பக்கத்தை ஓரம் ஓரமாகத் துடைத்தார். துடைத்த பிறகு எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு, கைவிளக்கோடு குனிந்தார்.

"எண்ணெ கீழதான் போவும், மேல ஏறாது. ஈரம் எங்க ஆரம்பிக்குதுன்னு மேலேருந்து பாக்கணும். அழுக்கோட பாத்தா எல்லாமே ஒழுவுற மாதிரிதான் இருக்கும்."

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவ்வளவு தூரம் போனது தகும் என்று பட்டது. ராக்கர் கவர் கசிவென்று பலர் நினைப்பது சில சமயம் கேம் சென்சாரின் சிறு ரப்பர் வளையத்திலிருந்து வருவதாக இருக்கும். எண்ணெய் அழுத்த சுவிட்சாகவும் இருக்கலாம். கீழே சொட்டுவதை வைத்து முடிவெடுத்தால் தவறான பாகத்தை மாற்றிக் காசை வீணாக்குவோம். என் காரில் கசிவு மூடியின் பின்மூலையில்தான் இருந்தது. அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் சிலிக்கான் பசை மெழுகப்பட்டிருந்தது. அவர் அதை நகத்தால் நெருடிப் பார்த்தார். முன்பு செய்த அரை மணி நேர வேலை இதுதான். கேஸ்கெட்டை மாற்றவே இல்லை, மூடியின் விளிம்பில் பசையைப் பூசி ஒட்டிவிட்டிருக்கிறார்கள். என் முகத்தில் கோபத்தைப் பார்த்திருப்பார். ஆனால் அந்தப் பட்டறையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

எஞ்சின் மறுபடி ஆறும் வரை பேசிக்கொண்டிருந்தோம். ஜோகூரில் குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்கள். பதினான்கு வயதில் தோட்டத்து லாரிகளைப் பழுது பார்க்கும் கொட்டகையில் எடுபிடியாகச் சேர்ந்திருக்கிறார். பழைய மோரிஸ் மைனர் கார்களில் மூடியை இரண்டே நட்டுகள்தான் பிடித்திருக்கும், அடியில் தக்கைப் பட்டை கேஸ்கெட் இருக்கும் என்று கைகளால் வடிவம் காட்டினார். நட்டை அழுத்தி முறுக்கினால் தக்கை பிதுங்கிக் கிழிந்துவிடும். "அங்கதான் கைக்கு அளவு பழகுச்சு" என்றார்.

ரப்பர் பேச்சு வந்ததால் எனக்கு இந்த ஊரின் வரலாறு நினைவுக்கு வந்தது. லண்டனின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தது 1877இல். 1888இல் இங்கே தாவரவியல் தோட்டப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் வெட்டு முறையைக் கண்டறிந்தார். அதன்பின் மலாயாவெங்கும் காடுகள் ரப்பர் தோட்டங்களாயின. அவற்றில் உழைக்கத் தமிழர்கள் கப்பல் கப்பலாக வந்தார்கள். உலகின் கார்ச் சக்கரங்கள் அவர்கள் எடுத்த பாலில் உருண்டன. ஆனால் அந்தப் பாலில் செய்த ரப்பருக்கு எஞ்சின் எண்ணெய் ஆகாது. எண்ணெயில் ஊறினால் உப்பிக் குழைந்துவிடும். அதனால்தான் கேஸ்கெட்டுகளை நைட்ரைல், அக்ரிலிக், சிலிக்கான் போன்ற செயற்கை ரப்பரில் வார்க்கிறார்கள். இதைச் சொன்னபோது அவர் தலையாட்டினார். "தெரியும். சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டுப் பாத்திருக்கேன் சின்ன வயசுல. ரெண்டு நாள் தாங்கல."

பிறகு கழற்றத் தொடங்கினார்கள். பற்றவைப்புக் காயில்கள் நான்கையும் உருவி, எது எந்த இடம் என்று குறித்து வரிசையாக வைத்தான் இளைஞன். ஒன்றின் அடிமுனையில் எண்ணெய் பளபளத்தது. ஸ்பார்க் பிளக் உட்காரும் குழிகளைச் சுற்றியும் வட்ட ரப்பர்கள் உண்டு. அவையும் விறைத்துப்போனதால் குழிக்குள் எண்ணெய் இறங்கியிருக்கிறது. விட்டிருந்தால் கொஞ்ச நாளில் எஞ்சின் விட்டு விட்டு ஓட ஆரம்பித்திருக்கும். அந்தக் குழியைத் துடைக்காமல் பிளக்கைக் கழற்றினால் எண்ணெயும் அழுக்கும் சிலிண்டருக்குள் விழும் என்று அவனிடம் சொன்னார்.

போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்கள். மூடி ஒட்டிக்கொண்டு வரவில்லை. இளைஞன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நெம்பப் போனான். அவர் அவன் கையைப் பிடித்துவிட்டார். "அலுமினியம் ஐயா. ஒரு கீறல் விழுந்தா ஒம் பேரு அதுல இருக்கும்." ரப்பர் சுத்தியலால் நாலு பக்கமும் தட்டினார். மூடி அசைந்து கொடுத்தது.

உள்ளே பழைய சிலிக்கான் துணுக்குகள் தொங்கின. அவற்றில் ஒன்று உடைந்து எண்ணெயோடு கீழே போனால், அடித்தொட்டியில் எண்ணெயை உறிஞ்சும் சல்லடையை அடைக்கும். சல்லடை அடைபட்டால் எஞ்சினுக்கு எண்ணெய் ஏறாது. எண்ணெய் ஏறாத எஞ்சின் இறுகி நின்றுவிடும். வெளியே கசியாமல் இருக்கப் பூசிய பசை எஞ்சினையே காவு வாங்கியிருக்கும். திறந்த பகுதிகளில் துணி அடைத்து, பிளாஸ்டிக் சுரண்டியால் அந்தத் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தார். முக்கால் மணி நேரம் அந்த ஒரே வேலை. நான் கடிகாரத்தைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டுச் சொன்னார்: "புது கேஸ்கெட்ட யார் வேணும்னாலும் போடலாம். சுத்தம் பண்றதுக்குத்தான் கூலி."

எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் சிறு வால்வு ஒன்று மூடியின்மேல் இருக்கிறது. அதைக் கழற்றிக் குலுக்கினார். நல்ல வால்வென்றால் உள்ளே கலகலவென்று சத்தம் வரும். என்னுடையது ஊமையாக இருந்தது. அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் கூடி, கேஸ்கெட் எவ்வளவு புதிதானாலும் எண்ணெயை வெளியே தள்ளும். மூடியை மட்டும் கவனித்து இதை விட்டுவிடுவதால்தான் பலருக்குக் கசிவு திரும்பத் திரும்ப வருகிறது. புது வால்வு போட்டார்.

புது கேஸ்கெட்டைப் பசையில்லாமல் அதன் பள்ளத்தில் அழுத்தி உட்கார வைத்தார்கள். டைமிங் செயின் உறை எஞ்சின் தலையோடு சேரும் இரண்டு முனைகளில் மட்டும் கடுகளவு சிலிக்கான். போல்ட்டுகளை இம்முறை நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று சுற்றாக இறுக்கினார்கள். கடைசிச் சுற்று முறுக்களவு காட்டும் டார்க் ரெஞ்சால். பத்து நியூட்டன் மீட்டர். சக்கர நட்டுக்குக் கொடுக்கும் முறுக்கில் அது பத்தில் ஒரு பங்குதான். ஒழுகுகிறது என்றால் இன்னும் இறுக்குவோம் என்பதுதான் எல்லாருக்கும் தோன்றும் வைத்தியம். இறுக்க இறுக்க மூடி வளையும், ரப்பர் நசுங்கும், சில நேரம் போல்ட் முறிந்து தலைக்குள்ளேயே தங்கிவிடும். இளைஞன் ரெஞ்சின் சொடுக்கைக் கேட்டதும் நிறுத்தினான். அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவன் கைக்கும் அளவு பழகத் தொடங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

எண்ணெய் படிந்த துணிகளையும் வடித்த எண்ணெயையும் தனித்தனிக் கலன்களில் போட்டு மூடினான். தேசிய சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் பெற்றவர்கள்தான் அவற்றை எடுத்துச் செல்லலாம். இந்தத் தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. சாலையில் விழும் மழை வடிகால் வழியே நீர்த்தேக்கத்தைச் சேர்ந்து, சுத்திகரித்துக் குழாயில் வருகிறது. ஆற்றின் முகத்துவாரத்தில் அணைகட்டி 1975இல் உருவாக்கிய கிராஞ்சி நீர்த்தேக்கம் அங்கிருந்து அதிக தூரமில்லை. என் கார் மாதக்கணக்கில் சாலையெங்கும் சொட்டிக்கொண்டு போனதை நினைத்தபோது வெட்கமாக இருந்தது. அது என் பணப்பையோடு முடியும் விஷயமென்றே அதுவரை எண்ணியிருந்தேன்.

பசை உலரக் காத்திருந்த நேரத்தில் தொழிலின் எதிர்காலத்தைப் பற்றிக் கேட்டேன். 1990இல் வந்த வாகன உரிமைச் சான்றிதழ் முறைப்படி இங்கே ஒரு காருக்குப் பத்தாண்டு ஆயுள். பிறகு பணம் கட்டி ஐந்தோ பத்தோ ஆண்டுகள் நீட்டிக்கலாம். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் 150,001 வெள்ளிக்குப் போனது. அந்த விலையில் பழைய காரைப் பேணி ஓட்டுபவர்கள் இவரைப் போன்றவர்களைத் தேடி வருகிறார்கள். ஆனால் 2030 முதல் புதிதாகப் பதியும் கார்கள் மின்சாரம், ஹைப்ரிட் போன்ற தூய்மையான எரிசக்தி வகைகளாக இருக்க வேண்டும். மின்காரில் ராக்கர் கவர் இல்லை, கசிய எஞ்சின் எண்ணெயும் இல்லை. ஒரு தொழில் மறைவது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. கிராஞ்சி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. சிங்கப்பூரின் கடைசிப் பந்தயம் அங்கே 2024 அக்டோபர் 5ஆம் தேதி நடந்தது. 180 ஆண்டுகளுக்கு மேல் நீடித்த ஒரு தொழில் அன்றோடு முடிந்தது. இந்தத் தொழிலின் நாட்களும் எண்ணப்படுகின்றன.

"எனக்கு அதுக்குள்ள வயசாயிரும். இவன் கரண்ட் காடி படிச்சுக்குவான். ஆனா துடைச்சிட்டுப் பாக்கணும்ங்கறது எந்தக் காடிக்கும் ஒண்ணுதானே?"

மாலையில் எஞ்சினை ஓட்டிக் காட்டினார். இருநூறு கிலோமீட்டர் ஓடியபின் கொண்டுவரச் சொன்னார். போனேன். அதே கைவிளக்கு, அதே பின்மூலை. வெள்ளைத் துணியால் ஒருமுறை துடைத்து என்னிடம் நீட்டினார். துணி வெள்ளையாகவே இருந்தது. அதற்கு அவர் கூலி வாங்கவில்லை.

கார் வைத்திருப்பவர்களிடம் இரண்டு வேண்டுகோள். மாதத்துக்கு ஒருமுறை, எஞ்சின் ஆறியிருக்கும்போது, எண்ணெய் அளவுக் கோலை உருவிப் பாருங்கள். அளவு குறைந்தால் அந்த எண்ணெய் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. இரண்டாவது, கசிவைப் பார்க்க ஒரு நாள் வேண்டும் என்று கேட்கிற மெக்கானிக்குக்கு அந்த நாளைக் கொடுங்கள். கேஸ்கெட்டின் விலையோடு ஒப்பிட்டு அவர் கூலியைப் பேரம் பேசாதீர்கள். அவர் சுரண்டி எடுக்கிற முக்கால் மணி நேரம்தான் உங்கள் எஞ்சினைக் காப்பாற்றுகிறது.