மூக்குத்தி என்று மயங்கினோம்

சென்ற விடுமுறையில் மாணாக்கர் பன்னிருவருடன் நானுஓயாவில் இறங்கி, நுவரெலியாவை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றுக்குச் சென்றிருந்தோம். 6,000 அடிக்கு மேற்பட்ட உயரம். யாழ்ப்பாணத்து வெயிலிற் காய்ந்த எமது உடம்புக்குக் காலை பத்து மணிக்கும் கம்பளி வேண்டியிருந்தது.

லயத்தருகே சரிவில் இறங்குகையில் மாணவனொருவன் வழுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். பக்கத்து மரக்கறிப் பாத்தியில் ஒரு சிறு பூண்டு கண்ணிற் பட்டது. மஞ்சள் நடு, சுற்றிலும் நுனியில் மூன்றாய்ப் பிளந்த ஐந்து வெள்ளிதழ். "மூக்குத்திப் பூண்டு! கசக்கிப் பிழியுங்கள்" என்றோம். இருபதாண்டு தாவரவியல் கற்பித்தவரல்லவா!

கொழுந்துக் கூடையுடன் நின்ற மூதாட்டி தடுத்தார்.

"அது இல்லீங்க ஐயா இது. அந்தப் பூவு நீட்டுக் காம்புல ஒத்தையா நிக்கும், செடி தரையில படரும். கீழ்ப் பக்கம் போனாத்தான் கெடைக்கும். இது நிமிர்ந்து நிக்குது, பூவும் கொத்தா இருக்கு பாருங்க."

பார்த்தோம், நாணினோம். காயத்தை நீரால் கழுவித் துணியாற் கட்டினோம்.

இரவு விளக்கொளியில் உருப்பெருக்கியால் ஆராய்ந்தபோது ஐயம் அகன்றது. எதிரெதிர் இலைகள், ஏறக்குறைய மயிரற்ற தண்டு, கால் அங்குலமுமில்லாத பூத்தலை. நாம் பூவென்று கருதியது பல நுண்பூக்களின் கூட்டம். இதழ் ஒவ்வொன்றுமே தனிப் பூ. சூரியகாந்திக் குடும்பத்தின் ஓராண்டுச் செடியாகிய கலின்சோகா பார்விஃப்ளோரா அது. தண்டெங்கும் மயிரடர்ந்த உடன்பிறப்பொன்றும் அதற்குண்டு. மூக்குத்திப் பூண்டோ பல்லாண்டு வாழ்வது. அதன் விதைக்கு இறகுக் குஞ்சமுண்டு.

கலின்சோகாவின் தாயகம் தென்னமெரிக்க மலைநாடு. 1796இல் பெருவிலிருந்து இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, வேலி தாண்டிக் களையாயிற்று. மறுநாள் ஹக்கல பூங்காவில் நின்றபோது இதுவே நினைவுக்கு வந்தது. அப்பூங்கா 1861இல் தொடங்கியதே அம்மலைகளின் சிங்கோனா மரத்தை இங்கு வளர்ப்பதற்காகத்தான். ஒன்று அழைத்து வந்த விருந்து. மற்றையது அழையாமல் வந்தது.

கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இதே களையை உலர்த்தி, உருளைக்கிழங்கும் கோழியும் சேர்ந்த சூப்பில் இடுகிறார்கள் என்று திரும்பும் வழியிற் கூறினோம். உருளைக்கிழங்குப் பாத்திகள் புகையிரதச் சாளரத்துக்கு வெளியே நகர்ந்துகொண்டிருந்தன. "அவ்வளவையும் பிடுங்கி எறிகிறார்களே, சேர்!" என்றான் முழங்காலிற் கட்டுடன் இருந்தவன்.

செய்தித்தாளில் அழுத்திய மாதிரியை வெளியே எடுத்தோம். சீட்டில் அவசரப்பட்டு எழுதியிருந்த 'மூக்குத்தி'யை எல்லோரும் பார்க்க அடித்துவிட்டு, சரியான பெயரை எழுதினோம்.